சிறுநீர்ப்பைக்கு நரம்புத் தூண்டி: பொருத்திக்கொள்ளும் முன் செய்ய வேண்டியதெல்லாம்

சிறுநீரை அடக்க முடியாமல் அரைமணிக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓடுகிறவர்களுக்கு, மாத்திரை எதுவும் சரிப்படாதபோது, யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர் சொல்லும் வழிகளில் ஒன்று நரம்புத் தூண்டி. இடுப்புக்கும் வால் எலும்புக்கும் நடுவே இருக்கும் முக்கோண எலும்பில் வரிசையாகத் துளைகள் உண்டு. மூன்றாவது துளையில் இருக்கும் நரம்பின் பக்கத்தில் மெல்லிய மின்கம்பி ஒன்றை வைத்து, பிட்டத்தின் மேல்பகுதியில் தோலுக்கடியில் சின்ன பேட்டரியைப் புதைப்பார்கள். அது அனுப்பும் லேசான மின்துடிப்பு, சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் நடுவே போய்வரும் நரம்புத் தகவல்களைச் சீராக்குகிறது.

"யாருமே கேள்விப்படாத வைத்தியமா இருக்கே" என்று வீட்டில் யாராவது இழுப்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் எமில் டனாகோ, ரிச்சர்ட் ஷ்மிட் என்ற இரு டாக்டர்கள் 1980களிலேயே இதை மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். அவசரமாக வந்து கசிந்துவிடும் பிரச்சினைக்கு 1997இல் எஃப்.டி.ஏ. (மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) அனுமதி கொடுத்தது. அடிக்கடி போவதற்கும், அடைப்பு இல்லாமலே சிறுநீர் வெளியேறாத நிலைக்கும் 1999இல் அனுமதி கிடைத்தது. ஆக, பழகிய சிகிச்சைதான். ஆனால் எல்லா ஆஸ்பத்திரி யூராலஜி பிரிவிலும் செய்வதில்லை.

இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. பேட்டரியைப் புதைக்கும் முன்பே, சில நாட்கள் வெளியில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நமக்கு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். கீழே சொல்லியிருக்கும் தயாரிப்பு எல்லாம் அந்தச் சோதனை நாட்கள் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். கண்டபடி சாப்பிட்டு, மருந்தை மாற்றி, கணக்கெழுதாமல் சோதனையை முடித்தால், பலன் தராத கருவிக்குக் காசு கொடுத்துவிடலாம். பலன் தரக்கூடியதை வேண்டாம் என்று தள்ளியும் விடலாம்.

முதல் படி: உங்கள் பிரச்சினை இதற்கானதா?

திடீரென்று வரும், பாத்ரூம் போவதற்குள் நனைந்துவிடும்; ஒரு நாளில் எட்டுத் தடவைக்கு மேல் போக வேண்டியிருக்கிறது; அல்லது இதற்கு நேர்மாறாக, அடைப்பு ஏதும் இல்லாமலே வர மறுக்கிறது, டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் நரம்புத் தூண்டி பயன்படும். கூடுதலாக மலம் அடக்க முடியாத பிரச்சினையும் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அதற்கும் 2011இலிருந்து அமெரிக்காவில் அனுமதி உண்டு. இரண்டும் இருப்பவர்களுக்கு ஒரே கருவி இரண்டையும் கவனித்துக்கொள்ளலாம்.

இருமும்போது, தும்மும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது மட்டும் கசிகிறதா? அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு சிகிச்சை. ஆண்களுக்கு பிராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அவசரக் கசிவும் இருமல் கசிவும் கலந்து இருப்பவர்களும் நிறைய. எது எப்போது கசிகிறது என்று பிரித்துச் சொன்னாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

எதையெல்லாம் முயன்று பார்த்திருக்க வேண்டும்

நேராக இந்தச் சிகிச்சைக்கு வருவது வழக்கமில்லை. காபி, டீயைக் குறைப்பது, கடிகாரம் பார்த்துப் போய் இடைவெளியை மெல்ல நீட்டுவது, இடுப்படித் தசைப் பயிற்சி, அதன் பிறகு மாத்திரை என்று படிப்படியாக வருவார்கள். சாலிஃபெனாசின், டால்டெரோடின், ஆக்சிபியூட்டினின் போன்றவை ஒரு வகை. வாய் உலர்தல், மலச்சிக்கல் இவற்றின் தொல்லைகள். வயதானவர்களுக்கு ஞாபகக் குழப்பமும் வரலாம் என்பதால் பெரியவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மிராபெக்ரான் வேறு வகை. அதைச் சாப்பிடுகிறவர்கள் பி.பி.யைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை சரிப்படாதபோது மூன்று வழிகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பைக்குள் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, கணுக்கால் பக்கத்து நரம்பில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வீதம் பன்னிரண்டு வாரம் மின்தூண்டல், அப்புறம் இந்த நிரந்தரக் கருவி. மூன்றையும் பற்றிக் கேட்காமல் ஒன்றுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். போடாக்ஸில் கருவி கிடையாது, ஆனால் சில மாதங்களுக்கொரு முறை திரும்பப் போட வேண்டும். சிலருக்குக் கொஞ்ச காலம் டியூப் போட்டு சிறுநீரை எடுக்க வேண்டியும் வரும். கணுக்கால் சிகிச்சையில் கத்தியே இல்லை. தாம்பரத்திலிருந்து வாராவாரம் நகருக்குள் வந்துபோக முடியுமா என்பதுதான் கேள்வி.

எந்த மாத்திரை, எத்தனை மாதம், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளைக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து நிமிட கன்சல்டேஷனில் யாரும் படிக்க மாட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பதும் இதே விவரம்தான்.

சிறுநீர்க் கணக்கு

முழுத் தயாரிப்பிலும் ஒன்றை மட்டும்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று நாள் போதும். தொடர்ச்சியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் எடுத்துக்கொள்ளலாம்.

அரை லிட்டரோ ஒரு லிட்டரோ அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கி, சமையலறைக்குத் தப்பித்தவறிப் போய்விடாதபடி பெயிண்டால் ஒரு குறி போட்டு பாத்ரூமிலேயே வையுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி, எத்தனை மி.லி., அவசரம் எவ்வளவு என்று எழுத வேண்டும். அவசரத்துக்கு 0 முதல் 4 வரை எண் கொடுக்கலாம். 0 என்றால் சாவகாசமாகப் போனது, 4 என்றால் போவதற்குள் நனைந்துவிட்டது. பேட் வைக்கிறவர்கள் காய்ந்த பேடையும் நனைந்த பேடையும் சமையலறைத் தராசில் எடை போட்டால் வித்தியாசம்தான் கசிந்த அளவு. ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மி.லி.

குடித்ததையும் எழுத வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். தண்ணீரை மட்டும் எழுதி, காலை டிகாக்‌ஷன் காபி, பதினோரு மணி டீ, மத்தியான மோர், கடைசியில் டம்ளரில் ஊற்றிக் குடித்த ரசம், சாயந்திர இளநீர் எல்லாம் விட்டுப்போகும். வீட்டு டம்ளரில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து வைத்துக்கொண்டால் பிறகு "ஒரு டம்ளர்" என்று எழுதினாலே போதும்.

இந்தக் கணக்கு சில சமயம் சிகிச்சையையே மாற்றிவிடும். ஒரு நாளில் வரும் மொத்த சிறுநீர், உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.லி.க்கு மேல் போனால், அதாவது 60 கிலோ எடைக்காரருக்கு 2400 மி.லி.யைத் தாண்டினால், உற்பத்தியே அதிகம் என்று அர்த்தம். பெரும்பாலும் சர்க்கரையோ, மிதமிஞ்சிக் குடிப்பதோ காரணமாக இருக்கும். வயதானவர்களுக்கு இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் வந்தால், கால் வீக்கம், இதயம், குறட்டையோடு மூச்சு நின்று போகும் தூக்கக் கோளாறு, சாயந்திரம் போடும் நீர் மாத்திரை என்று தேட வேண்டும். இரவில் ஐந்து தடவை எழுந்து ஒவ்வொரு தடவையும் 350 மி.லி. போகிறவருக்குச் சிறுநீர்ப்பை நன்றாகத்தான் வேலை செய்கிறது. அவருக்கு நரம்புத் தூண்டி பொருத்தினாலும் ஐந்து தடவை எழத்தான் எழுவார்.

சர்க்கரைக்காரர்கள் இன்னொன்று பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறவை. சிறுநீரின் அளவும் கூடும். கணக்கெழுதும் நாட்களில் இந்த மாத்திரை ஓடி, சோதனை நாட்களில் இல்லாமல் இருந்தால், எண்ணிக்கை குறைந்ததற்கு மின்தூண்டல் காரணமா, மாத்திரை நின்றது காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயம் குடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். டாக்டரிடம் சொல்லிவிட்டு முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருங்கள். சிறுநீர்ப்பை மாத்திரையும் அப்படியே. அதோடு சோதனைக்குப் போவதா, நிறுத்திவிட்டா என்று முன்கூட்டியே முடிவாகிவிட வேண்டும்.

கணக்குத் தாளின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுதி வையுங்கள். இந்தத் தொல்லையால் எதையெல்லாம் விட்டீர்கள்? கல்யாணப் பந்தியில் பாயசம் வரைக்கும் உட்கார்வது, மார்கழிக் கச்சேரியில் முழுசாக இருப்பது, சென்ட்ரலிலிருந்து காட்பாடி வரை ஜன்னலோர சீட்டில் போவது. மி.லி. கணக்கு டாக்டருக்கு. இந்தப் பட்டியல் பிற்பாடு முடிவெடுக்கப்போகும் உங்களுக்கு.

பரிசோதனைகள்

சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) கட்டாயம். தொற்று இருந்தால் அதுவே அவசரத்துக்குக் காரணமாகலாம். தொற்றோடு கருவி பொருத்தவும் மாட்டார்கள். போன பிறகு எவ்வளவு மீதம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிஸ்டோஸ்கோப்பி, அதாவது சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது.

சிறுநீர்ப்பை எப்படி நிரம்பிக் காலியாகிறது என்று அளக்கும் யூரோடைனமிக்ஸ் என்றால் நிறையப் பேருக்குப் பயம். மெல்லிய டியூப் ஒன்று சிறுநீர்ப்பையில், இன்னொன்று ஆசனவாயில். உள்ளே மெதுவாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே "முதல்ல எப்போ தோணுது சொல்லுங்க, ரொம்ப அவசரமானதும் சொல்லுங்க" என்று கேட்பார்கள். நடுவில் இருமச் சொல்வார்கள். கசிந்தால் வெட்கப்பட வேண்டாம். கசிகிறதா என்று பார்க்கத்தானே போயிருக்கிறீர்கள்! முந்தைய நாளிலிருந்து மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகுவலி, கால் மரத்துப்போதல் இருந்தால் இப்போதே சொல்லி, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தால் கருவி பொருத்தும் முன்பே எடுத்து முடித்துவிடுங்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், ஏனென்றால் கம்பி வைப்பது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே. ஒன்றிரண்டு வருஷத்தில் குழந்தை திட்டம் இருந்தால் அதையும் இப்போதே பேசுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் கருவியை நிறுத்திவிடச் சொல்வதுதான் வழக்கம்.

கருவியும் காசும்

இரண்டு வகை உண்டு. சார்ஜ் செய்யத் தேவையில்லாதது ஒன்று, சார்ஜ் செய்ய வேண்டியது ஒன்று. சார்ஜ் செய்யும் வகை சின்னது, பதினைந்து வருஷமோ அதற்கு மேலோ வரும் என்கிறார்கள். ஆனால் வாரத்துக்கொரு தரமோ மாதத்துக்கொரு தரமோ இடுப்பில் சார்ஜரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சார்ஜ் செய்யாத வகையில் பழைய மாடல்கள் ஏறக்குறைய ஐந்து வருஷம்தான் வந்தன, புதியவை பத்து வருஷத்தைத் தாண்டும். ஒல்லியானவர்களுக்குச் சின்னது நல்லது. செல்போனையே மறந்து அணைந்துபோக விடும் அம்மா அப்பாவுக்கு சார்ஜ் செய்யும் வகை சரிப்படாது என்பது என் எண்ணம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: இந்த மாடலோடும் இந்தக் கம்பியோடும் முழு உடம்பு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, தலைக்கு மட்டுமா? சோதனைக் கட்டத்துக்கு எவ்வளவு, நிரந்தரக் கட்டத்துக்கு எவ்வளவு? சோதனை பலிக்காவிட்டால் எந்தத் தொகை திரும்பும்? கருவியை அட்ஜஸ்ட் செய்ய யார் வருவார், ஆஸ்பத்திரி ஆளா, கம்பெனி ஆளா? அவர் சென்னையிலேயே இருக்கிறாரா? இதுவரை எத்தனை பேருக்கு நீங்கள் பொருத்தியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

செலவில் பெரிய பங்கு கருவியின் விலை. எஸ்டிமேட்டில் அதைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் இரண்டு கட்டத்துக்கும் சேர்த்தே முன் அனுமதி கேளுங்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனால், இடுப்பில் கம்பி தொங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கடிதத்துக்குக் காத்திருக்க நேரும். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி அதிகபட்சம் மூன்று வருஷம். உங்கள் பாலிசியில் எவ்வளவு என்று பாருங்கள். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையிலேயே இந்தச் சிகிச்சை அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உடம்பைத் தயார்செய்வது

வெளிப்பொருள் ஒன்று உள்ளே இருக்கப்போகிறது. அதில் தொற்று வந்தால் பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுக்க வேண்டிவரும். அதனால் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு தேதி குறியுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 8க்குக் கீழே இருந்தால் நல்லது என்பது பல அறுவை மருத்துவர்களின் கணக்கு. இடுப்புப் பக்கம் வேர்க்குரு, படர்தாமரை, கட்டி, புண் எது இருந்தாலும் ஆறிய பிறகுதான். சொத்தைப் பல்லையும் முன்பே பார்த்துவிடலாம்.

மேலே சொன்ன டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து இருக்கிறது. அனஸ்தீசியா டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் "சுகர் மாத்திரை ஒண்ணு" என்று சொல்வதால் இது தவறிப்போகிறது. அட்டையையே எடுத்துப் போங்கள். இந்தச் சில நாள் நிறுத்தம் சோதனைக் கணக்கில் எப்படிப் படும் என்பதையும் யூராலஜி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்து யூராலஜி டாக்டரிடம் காட்டுங்கள். இருவரும் போனில் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது.

வீட்டில் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். பிளேடு கீறலே தொற்றுக்கு வாசல். தேவையென்றால் ஆஸ்பத்திரியிலேயே கிளிப்பரால் எடுப்பார்கள். முந்தின ராத்திரியும் காலையும் அவர்கள் கொடுக்கும் கிருமிநாசினி சோப்பால் குளித்துவிட்டு, துவைத்த துணி உடுத்தினால் போதும். அன்றைக்கு எண்ணெய் தேய்ப்பது, இடுப்புக்குத் தைலம் தடவுவது எதுவும் வேண்டாம்.

இடம் குறிப்பது

இதற்குத் தனித் தலைப்பு தேவையா என்று கேட்பீர்கள். என் பெரியம்மாவுக்கு அறுவைக்கு முன் சிஸ்டர் வந்து, "கவுன் போடறதுக்கு முன்னாடி, வீட்ல கட்டற மாதிரியே பாவாடையைக் கட்டிக் காட்டுங்கம்மா" என்றார். பெரியம்மா நாடாவை இழுத்து முடிந்தார். முடிச்சு விழுந்த இடத்தையும், நாடா சுற்றி அழுத்திய கோட்டையும் மார்க்கர் பேனாவால் வரைந்து, அதற்கு நன்றாகக் கீழே டாக்டர் ஒரு வட்டம் போட்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார வைத்து, வட்டம் சீட்டில் படுகிறதா என்று பார்த்தார்கள். "எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?" என்று கேட்டு, மறுபக்கத்தை வைத்துக்கொள்ளலாமா என்றும் பேசினார்கள்.

யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பேட்டரி நாடாக் கோட்டில் விழுந்துவிட்டால் வருஷக்கணக்கில் உறுத்தும். ஆண்களுக்கு பெல்ட், வேட்டி மடிப்பு, பின்பாக்கெட்டில் பர்ஸ். அரைஞாண் கயிறும் அதில் கோத்த தாயத்தும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் கிடக்கும். முன்பே கழற்றிவிட்டு, காயம் ஆறிய பிறகு கட்டலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடும் காலமும்

தேதி உங்கள் கையில் இருந்தால் கத்திரி வெயிலைத் தவிருங்கள். வேர்வையில் பிளாஸ்திரி உரியும், தோல் அரிக்கும், நிறையத் தண்ணீர் குடிப்பதால் கணக்கும் கலங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சரியில்லை. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெருவில் தண்ணீர் நின்றால், கட்டு நனைந்தாலோ கம்பி நகர்ந்தாலோ ஆஸ்பத்திரி போவதே பெரும்பாடு. தை, மாசி நல்ல காலம்.

சோதனை நாட்களில் குளியல் கிடையாது, துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்வதுதான். குனிவது, திரும்பி எட்டி எடுப்பது, தரையில் சம்மணம் போடுவது எல்லாம் கம்பியை இழுத்துவிடும். கம்பி நகர்ந்தால் சோதனையே வீண். இந்திய முறைக் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில் கமோட் நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். தினமும் எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத்துக்கு மாற்றுங்கள். வாசல் கோலத்தை வேறு யாராவது போடட்டும்.

தளர்ந்த நைட்டி, எலாஸ்டிக் இறுக்காத பைஜாமா என்று முன்பக்கம் பாக்கெட் உள்ளதாகப் பாருங்கள். வெளியே மாட்டும் கருவியைச் செருக வசதி. இந்த நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. டூ வீலர் பின்சீட்டும் வேண்டாம். ஸ்பீட் பிரேக்கரில் ஆட்டோ குதிக்கும் குதியில் கம்பி மட்டுமல்ல, நாமே இடம் மாறிவிடுவோம். காரோ, லிஃப்ட் இருக்கும் மெட்ரோ நிலையமோ மேல்.

அறுவை நாள்

திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை என்பது பொதுவான கணக்கு. பால் கலந்த காபி தண்ணீரில் சேராது. மெட்டி, கொலுசு, நகப்பூச்சு எல்லாம் எடுத்துவிடுங்கள். மெட்டியை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கம்பி சரியான நரம்பின் பக்கத்தில் இருந்தால் கால் கட்டைவிரல் மடங்கும், ஆசனவாய்ப் பகுதி உள்ளே சுருங்கும். டாக்டர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

குப்புறப் படுக்க வைப்பார்கள். கழுத்துவலி, மூட்டுவலி, மூச்சுத் திணறல் இருந்தால் முன்பே சொல்லுங்கள். முழு மயக்கம் இல்லாமல் லேசான மயக்கத்தில் செய்தால் "எங்கேம்மா துடிக்குது?" என்று கேட்பார்கள். நம் ஆட்கள் பாதிப்பேர் வெட்கத்தில் "இடுப்புல டாக்டர்" என்றுவிடுவார்கள். துடிப்பு வர வேண்டிய இடம் பெண்களுக்குப் பிறப்புறுப்பு, ஆண்களுக்கு விதைப்பை, அல்லது ஆசனவாய்ப் பக்கம். கெண்டைக்காலில் துடித்தால் கம்பி வேறு நரம்பைத் தொடுகிறது என்று பொருள். "முன்னாடி", "பின்னாடி", "கால்ல" என்று மூன்று சொல்லை முன்பே டாக்டரோடு பேசி வைத்துக்கொண்டால் கூச்சமும் இல்லை, குழப்பமும் இல்லை.

சோதனை நாட்கள்

இரண்டு விதம் உண்டு. மரப்பு ஊசி போட்டுத் தற்காலிகக் கம்பி வைத்து ஒரு வாரத்துக்குள் பார்ப்பது ஒன்று. நிரந்தரக் கம்பியையே ஆபரேஷன் தியேட்டரில் வைத்து இரண்டு வாரம் போலப் பார்ப்பது இன்னொன்று. முதலாவது எளிது, ஆனால் அந்தக் கம்பி சுலபமாக நகரும். அதில் பலனில்லை என்று வந்தால் இரண்டாவது முறையில் திரும்பப் பார்க்கலாமா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதே மக், அதே டம்ளர், அதே தாள். பலன் தெரிய வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதியாவது குறைந்தால்தான் பலித்தது என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை கசிந்தது மூன்றாகவோ அதற்குக் கீழோ வர வேண்டும். டியூப் போடுகிறவர்களுக்கு, டியூபில் எடுக்கும் அளவு பாதியாக வேண்டும்.

துடிப்பு மெல்லிய குறுகுறுப்பாக இருக்க வேண்டும். வலித்தால், ஷாக் அடித்த மாதிரி இருந்தால் கருவியோடு கொடுத்த ரிமோட்டில் குறையுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் அளவு மாறித் தெரிவது சகஜம். நேற்று வரை இருந்த குறுகுறுப்பு திடீரென்று காலுக்குப் போய்விட்டாலோ, அடியோடு நின்றுவிட்டாலோ கம்பி நகர்ந்திருக்கலாம், உடனே கூப்பிடுங்கள். காய்ச்சல், சீழ், சிவந்த வீக்கம் வந்தால் ராத்திரி என்றும் பார்க்க வேண்டாம்.

கடைசியில் டாக்டரிடம் போகும் முன் பின்பக்கப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எண் பாதியாகக் குறைந்தும் பட்டியலில் ஒன்றுகூட நடக்கும் என்று தோன்றவில்லையென்றால், பேட்டரியைப் புதைக்க அவசரப்பட வேண்டாம். பலிக்காவிட்டால் கம்பியை எடுத்துவிடுவார்கள். போடாக்ஸ் உட்பட மற்ற வழிகள் அப்படியேதான் இருக்கும்.

பேட்டரி உள்ளே போன பிறகு

ஆறு வாரத்துக்குக் கனமாக எதுவும் தூக்கக் கூடாது. இருபது லிட்டர் கேன் தண்ணீர் இருபது கிலோ. அதைக் கவிழ்த்து வைக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். முதல் சில மாதங்களில் அளவை மாற்றி மாற்றி அமைக்க ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். வருஷங்கள் போகப்போக பேட்டரி மாற்றவோ, கம்பி நகர்ந்ததற்காகவோ, அந்த இடத்து வலிக்காகவோ திரும்பவும் ஒரு சின்ன அறுவை வரலாம். ஒரு தடவையோடு முடிந்தது என்று நினைத்து யாரும் இதில் இறங்கக் கூடாது.

தெருவுக்குத் தெரு பிசியோதெரபி கிளினிக் இருக்கும் ஊர் இது. மூட்டுவலிக்கு என்று போனால் டயாதெர்மி (மின் அலையால் உள்ளே சூடு கொடுப்பது) வைத்துவிடுவார்கள். கருவி இருப்பவர்களுக்கு அது உடம்பின் எந்தப் பகுதியிலும் கூடவே கூடாது. கம்பி சூடாகி நரம்பைச் சுட்டுவிடும். எம்.ஆர்.ஐ., வேறு அறுவை, சிறுநீரகக் கல் உடைப்பு எதற்குப் போனாலும் முதலில் கருவி இருப்பதைச் சொல்லுங்கள். மெட்ரோவிலும் மீனம்பாக்கத்திலும் கருவிக்கான அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லலாம். மெட்டல் டிடெக்டர் வாசலுக்குள் போக வேண்டியிருந்தால் நடுவில் நிற்காமல் நடந்துவிடுங்கள். ஆனில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பில் சாய்ந்து நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது கருவி இருப்பது தெரிந்திருக்க வேண்டும். சொல்லச் சங்கடமான விஷயம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: தகனம் செய்யும் முன் பேட்டரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கக்கூடும். மாடல் பெயர், வரிசை எண், கம்பி வகை உள்ள அட்டையை போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். அசல் அட்டை பர்ஸில் இருக்கட்டும். ரிமோட்டை டிவி ரிமோட்டோடு சேர்த்து வைக்காதீர்கள்.